கார்டுல ரெண்டு கோடு... ஆனா கரு எங்கே இருக்கு? அரிய வகை 'எக்டோபிக்' கர்ப்பத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, சிகிச்சை என்ன?

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போகும் 29 வயதுப் பெண். ஏற்கெனவே ரெண்டு குழந்தைகள், ரெண்டுமே சிசேரியன். நாள் தள்ளிப் போகவே மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்க்கிறார். ரெண்டு கோடு.

அடுத்த வாரம் லேசாக ரத்தம் படுகிறது. அடிவயிற்றில் விட்டு விட்டு வலி. "சூட்டு வலியா இருக்கும், மோர் குடி" என்கிறார் மாமியார். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி பதிஞ்சுக்கலாம்" என்று வீட்டில் முடிவாகிறது.

பெரும்பாலான கர்ப்பங்களில் இந்த முடிவால் பெரிய பாதகம் வந்துவிடாது. ஆனால் கரு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு எங்கேயோ ஒட்டியிருந்தால், அந்த மூணு மாசம் தாங்காது. 6-வது வாரத்திலிருந்தே ஆபத்து ஆரம்பித்துவிடும்.

கர்ப்பம் உறுதியானதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாரம்?" என்பது அல்ல, "எங்கே இருக்கு?" என்பதுதான். ஏன்?

எக்டோபிக் கர்ப்பம்னா என்ன?

சினைப்பையிலிருந்து வரும் முட்டை, கருக்குழாயில் விந்தணுவோடு சேர்ந்து கருவாகிறது. அது நகர்ந்து வந்து கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டி வளர வேண்டும். வழியிலேயே நின்றுவிட்டாலோ, வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டாலோ அதுதான் எக்டோபிக். தமிழில் 'இடம் மாறிய கர்ப்பம்' என்று சொல்லலாம்.

100 கர்ப்பங்களில் 1 அல்லது 2 இப்படி ஆகிறது. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில்தான். பொதுவாக 'டியூப்ல கரு' என்று சொல்வது இதைத்தான். மீதி இருக்கும் சில சதவீதம்தான் அரிய வகைகள். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ரத்தப்போக்கு ஏற்பட்டால் வேகமும் அதிகம்.

"அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பைக்குள்ள வெச்சுட முடியாதா?" என்று பல குடும்பங்கள் கேட்பதுண்டு. முடியாது. இன்றைய மருத்துவத்தில் அதற்கு வழி இல்லை.

அந்த அரிய இடங்கள் எவை?

சிசேரியன் தழும்பு: முந்தைய ஆபரேஷனில் கர்ப்பப்பையை வெட்டித் தைத்த இடத்தில் கரு புதைந்துவிடும். சுமார் 2,000 கர்ப்பங்களில் ஒன்று என்பது பொதுவான மதிப்பீடு. அந்த இடத்தில் தசை மெலிசாக இருக்கும், அதற்கு முன்னாலேயே சிறுநீர்ப்பை. கரு வளர வளர நஞ்சுக்கொடி அந்தத் தழும்புக்குள் வேர் விடும். இப்படித் தொடர்ந்த சில கர்ப்பங்களில் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனால் கடும் ரத்தப்போக்கு, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை என்று தாய்க்கு ஆபத்து மிக அதிகம்.

கருக்குழாயின் வேர்ப்பகுதி: குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் இடம். எக்டோபிக்கில் 2 முதல் 4 சதவீதம் இங்கே. சுற்றிலும் தசை இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக விரிந்து கொடுக்கும். அதனால் அறிகுறி தாமதமாகத் தெரியும். பெரிய ரத்தக்குழாய்கள் சேரும் இடம் என்பதால், வெடித்தால் சில நிமிடங்களிலேயே நிறைய ரத்தம் போய்விடும்.

சினைப்பை: சுமார் 3 சதவீதம். ஸ்கேனில் சாதாரண நீர்க்கட்டி மாதிரியே தெரியும். பல நேரம் லேப்ராஸ்கோபி செய்து உள்ளே பார்த்தபிறகுதான் உறுதியாகும்.

கர்ப்பப்பை வாய்: 1 சதவீதத்துக்கும் குறைவு. வலியே இல்லாமல் ரத்தம் போவது இதன் குணம். 'கரு கலைஞ்சு இறங்குது' என்று தவறாக நினைத்துச் சுத்தம் செய்யப் போனால் ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிடும். இந்த இடத்தில் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் தசை குறைவு.

வயிற்றுக்குள்: சுமார் 1 சதவீதம். குடல், கர்ப்பப்பையின் வெளிப்புறம், அரிதாகக் கல்லீரலின் மேல்கூட நஞ்சு ஒட்டலாம்.

ஒரே நேரத்தில் ரெண்டு இடம்: ஒரு கரு கர்ப்பப்பையில், இன்னொன்று வெளியில். இயற்கையான கர்ப்பத்தில் சுமார் 30,000-ல் ஒன்று என்பார்கள். ஐ.வி.எஃப் போன்ற குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்தவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். 'கர்ப்பப்பையில் குழந்தை தெரியுது' என்றதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவதால், இன்னொன்று கவனிக்கப்படாமல் போகிற ஆபத்து உண்டு.

குழந்தை பிறந்த கதைகளும் உண்டே?

உண்டு. 2008-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் சிசேரியனுக்காக வயிற்றைத் திறந்த டாக்டர்கள், குழந்தை சினைப்பையில் வளர்ந்திருப்பதைப் பார்த்து அதிர்ந்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். உலகமே பேசியது.

2014-ல் நாக்பூரில் வந்த செய்தி வேறு மாதிரி. வயிற்று வலியோடு வந்த சுமார் 60 வயதுப் பெண்ணின் வயிற்றில், 36 வருடங்களுக்கு முந்தைய எக்டோபிக் கர்ப்பத்தின் எலும்புக்கூடு இருந்தது. அப்போதே ஆபரேஷன் செய்யச் சொல்லியும், பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிட்டவர் அவர்.

இந்த ரெண்டுமே செய்தியானதற்குக் காரணம், இப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்பதுதான். 'நமக்கும் அப்படி நடக்கலாம்' என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கார்டு டெஸ்ட் 'கர்ப்பமா, இல்லையா' என்று மட்டும்தான் சொல்லும். கரு எங்கே இருந்தாலும் ஹெச்.சி.ஜி ஹார்மோன் சுரக்கும், ரெண்டு கோடு வந்துவிடும்.

இடத்தைச் சொல்வது ஸ்கேன்தான். அதிலும் ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைவிட, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள் ஸ்கேன் தெளிவாகக் காட்டும். 'அதனால கரு கலைஞ்சிடும்' என்ற பயம் தேவையில்லை. 6 முதல் 7 வாரத்தில் எடுத்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும்.

அரிய வகைகளில் வெறும் 'பை தெரியுதா' என்று பார்த்தால் போதாது. டாக்டர்கள் கவனிக்கும் விஷயங்கள் இவை:

• கர்ப்பப்பையின் நடுப்பகுதி காலி, வாயும் காலி, முன்பக்கத் தழும்பில் மட்டும் பை இருக்கிறதா? சிறுநீர்ப்பைக்கும் அதற்கும் நடுவில் தசை எவ்வளவு மெலிசு?
• மேல் மூலையில் பை இருந்தால் அதைச் சுற்றித் தசை 5 மில்லிமீட்டருக்கும் குறைவா? அப்படியென்றால் குழாயின் வேர்ப்பகுதிக் கர்ப்பமாக இருக்கலாம்.
• கர்ப்பப்பை வாயில் பை தெரிந்தால், ஸ்கேன் கருவியால் மெதுவாக அழுத்தும்போது அது நகர்கிறதா? கலைந்து இறங்கும் கரு நகரும். அங்கேயே வேர் விட்ட கரு நகராது, சுற்றிலும் ரத்த ஓட்டம் தெரியும்.
• சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. வயிற்றுக்குள் வளரும் கர்ப்பத்தில் நஞ்சு எந்த உறுப்பில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க இது உதவும்.

சில சமயம் கர்ப்பப்பையிலும் எதுவும் தெரியாது, வெளியிலும் தெரியாது. நாள் கணக்கு தப்பாக இருக்கலாம், கரு கலைந்திருக்கலாம், எக்டோபிக்காகவும் இருக்கலாம். அப்போது ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி அளவை எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் அளவு நன்றாக ஏறும். மந்தமாக ஏறினாலோ, அப்படியே நின்றாலோ சந்தேகம் வலுக்கும்.

ஒரே ஒரு டெஸ்ட் ரிசல்ட்டை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. "ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வாங்க" என்று டாக்டர் சொல்வது அலைக்கழிப்பதற்காக அல்ல. அந்த ரெண்டாவது அளவில்தான் விடை இருக்கிறது.

சிகிச்சை என்ன?

கரு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு, இதயத்துடிப்பு இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்பதைப் பொறுத்து சிகிச்சை மாறும். மூன்று வழிகள் உண்டு.

1. ஊசி மருந்து

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்தும். புற்றுநோய்க்கும் இதே மருந்துதான். இந்த வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் 1940-களில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் வழியில் வந்த மருந்து இது. எக்டோபிக்குக்கு இதைப் பயன்படுத்திய முதல் வெற்றி 1982-ல் ஜப்பானில் பதிவானது. அதுவும் ஓர் அரிய வகைக்கு, குழாயின் வேர்ப்பகுதிக் கர்ப்பத்துக்கு.

இந்த ஊசி எல்லாருக்கும் பொருந்தாது. கரு வெடித்திருக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சீராக இருக்க வேண்டும், ஹெச்.சி.ஜி ரொம்ப ஏறியிருக்கக் கூடாது, கல்லீரல், சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர முடிய வேண்டும். வழக்கமாக 4-வது நாளும் 7-வது நாளும் ரத்தம் எடுப்பார்கள். இந்த ரெண்டுக்கும் நடுவில் அளவு குறைந்தது 15 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு ஊசியோ ஆபரேஷனோ தேவைப்படலாம். இறங்கினாலும், அளவு பூஜ்யத்துக்கு வரும்வரை வாரா வாரம் பார்க்கணும். அதற்கு நடுவிலும் கரு வெடிக்க வாய்ப்பு உண்டு. போக்குவரத்து வசதி இல்லாத கிராமத்துப் பெண்ணுக்கு டாக்டர் ஊசிக்குப் பதில் ஆபரேஷனைச் சொன்னால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் இருக்கும். அது இந்த ஊசியின் வேலையைக் கெடுக்கும். 'சத்து மாத்திரைதானே' என்று தொடரக் கூடாது. மது கூடாது, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கூடாது, தாம்பத்திய உறவையும் தள்ளிப்போடணும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்கணும்.

2. கருவுக்கே நேராக மருந்து

தழும்பு, கர்ப்பப்பை வாய் போன்ற இடங்களில் கையில் போடும் ஊசி மட்டும் போதாமல் போகலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கரு இருக்கும் பைக்குள் நேரடியாக மருந்து செலுத்துவார்கள். ரெண்டு இடத்தில் கரு இருக்கும் பெண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கூடாது, கர்ப்பப்பையில் இருக்கும் நல்ல கருவையும் அது பாதிக்கும். அவர்களுக்கு வெளியில் இருக்கும் கருவை மட்டும் ஆபரேஷனில் எடுப்பார்கள், அல்லது அதற்குள் பொட்டாசியம் குளோரைடு செலுத்துவார்கள். கர்ப்பப்பைக் கரு தொடர்ந்து வளர்ந்து குழந்தை பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

3. ஆபரேஷன்

• குழாய், சினைப்பை: பெரும்பாலும் லேப்ராஸ்கோபி. சினைப்பையில் கரு ஒட்டிய பகுதியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.
• வேர்ப்பகுதி: கர்ப்பப்பையின் அந்த மூலையைத் திறந்து கருவை எடுப்பார்கள், அல்லது அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துத் தைப்பார்கள். அடுத்த பிரசவம் எப்படி என்று முன்கூட்டியே திட்டமிடணும்.
• தழும்பு: ஸ்கேன் பார்த்தபடி உறிஞ்சி எடுப்பது, அல்லது தழும்போடு சேர்த்து வெட்டி எடுத்து மறுபடி தைப்பது. கண்ணை மூடிக்கொண்டு சுரண்டி எடுப்பது ஆபத்து.
• கர்ப்பப்பை வாய்: ரத்தம் கொட்டினால் பலூன் குழாயை ஊதி அழுத்தி நிறுத்துவார்கள். வசதியுள்ள இடங்களில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பார்கள்.
• வயிறு: கருவை எடுத்தாலும், பெரிய ரத்தக்குழாயிலோ குடலிலோ ஒட்டிய நஞ்சை இழுக்காமல் உள்ளேயே விட்டுவிடுவதுண்டு. பிடுங்கினால் ரத்தத்தை நிறுத்த முடியாது. விட்டால் மெல்ல மெல்லக் கரையும்.

தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் 'ஆன்ட்டி-டி' ஊசி போடணுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தையைக் காக்கும் ஊசி அது.

செஞ்சிக்காரங்களுக்கு இது ஏன் முக்கியம்?

காரணம் தூரம். மயக்க டாக்டர், ரத்த வங்கி, அனுபவமுள்ள ஸ்கேன் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் என எல்லாம் ராத்திரி 2 மணிக்கும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், போக வேண்டியது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும், அந்தப் பக்கம் திருவண்ணாமலையும் ஏறக்குறைய 40 கி.மீ. புதுச்சேரி ஜிப்மர் 70 கி.மீ. அளவுக்கு இருக்கிறது. மேல்மலையனூர் பக்கத்துக் கிராமம் என்றால் செஞ்சிக்கு வந்து சேரவே நேரம் ஆகும்.

வெடிப்பதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் இந்த 40 கி.மீ. ஒரு பஸ் பயணம். வெடித்தபிறகு என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரும் ரத்த இழப்பு. அதனால்தான் 6, 7 வார ஸ்கேனை வெறும் பரிசோதனை என்று நினைக்கக் கூடாது. பாதி சிகிச்சையே அதுதான்.

தமிழ்நாட்டில் 3 விஷயங்கள் இதை இன்னும் முக்கியமாக்குகின்றன.

முதலாவது, சிசேரியன். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். அதாவது, தழும்போடு அடுத்த கர்ப்பத்துக்குப் போகும் பெண்கள் இங்கே நிறையப் பேர்.

இரண்டாவது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். 'ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, எப்படிக் கர்ப்பம் வரும்?' என்று நாள் தள்ளினாலும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்த 10,685 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், 143 பேர் கர்ப்பமானார்கள். அவர்களில் 47 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, எக்டோபிக். ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் வருவதே அபூர்வம். வந்தால் எக்டோபிக் சந்தேகம்தான் முதலில் வரணும்.

மூன்றாவது, மெடிக்கலில் வாங்கிப் போடும் கருக்கலைப்பு மாத்திரை. அது கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தப்போக்கு மட்டும் வரும். 'கலைஞ்சிடுச்சு' என்று நம்பி இருக்கும்போது, உள்ளே கரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்கேன் இல்லாமல் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் இது.

இதோடு, அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைவாக இருக்கும் உடம்பு, திடீர் இழப்பைத் தாங்காது.

எப்போ உடனே கிளம்பணும்?

நாள் தள்ளியிருக்கும்போதோ, கார்டில் ரெண்டு கோடு வந்தபிறகோ இவற்றில் ஏதாவது இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்:

• அடிவயிற்றில் திடீரென்று கடுமையான வலி
• தோள்பட்டை நுனியில் வலி. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. பலர் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள்.
• தலைசுற்றல், மயக்கம், சில்லென்ற வியர்வை, முகம் வெளுத்துப்போவது
• மலம் வருவது போன்ற அழுத்தம், ஆனால் போகாது
• ரத்தப்போக்கு. கொஞ்சமாக இருந்தாலும் சொல்லணும். உள்ளே எவ்வளவு கசிகிறது என்பது வெளியில் தெரியாது.

108-க்கு போன் செய்யும்போதே "கர்ப்பமா இருக்காங்க, வயித்து வலி, மயக்கம்" என்று சொல்லிவிட வேண்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, சிசேரியன் டிஸ்சார்ஜ் பேப்பர் கையில் இருக்கட்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய ரெண்டு பேர் கூட வந்தால் நல்லது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம்.

யார் சீக்கிரமே ஸ்கேன் எடுக்கணும்?

முன்பு எக்டோபிக் வந்தவர்கள், சிசேரியன் ஆனவர்கள், கருக்குழாயிலோ இடுப்புக்குள்ளோ தொற்று வந்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே நாள் தள்ளியவர்கள், குழந்தைப்பேறு சிகிச்சையில் கருவுற்றவர்கள். ஆனால் எக்டோபிக் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் காரணம் எதுவுமே இருப்பதில்லை. அதனால் வலியோ ரத்தமோ இருந்தால் எல்லாருக்கும் ஒரே விதிதான்.

மறுபடி குழந்தை பிறக்குமா?

பெரும்பாலானவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு குழாயை எடுத்துவிட்டாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் இயற்கையாகவே கருத்தரிக்கலாம். ஆனால் எக்டோபிக் மறுபடி வர சுமார் 10 சதவீதம் வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த முறை நாள் தள்ளியதும் 6-வது வாரமே ஸ்கேன் அவசியம்.

கனமான பை தூக்கியதாலோ, பஸ்ஸில் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ எக்டோபிக் வராது. இது அந்தப் பெண்ணின் தப்பு இல்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது அவர் ஒரு குழந்தையையும் இழந்திருக்கிறார் என்பதை வீட்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

ஆரம்பத்தில் பார்த்த அந்த மல்லாட்டைக் காட்டுப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ரெண்டு சிசேரியன் தழும்பு இருக்கிறது, லேசாக ரத்தம் படுகிறது, வலியும் இருக்கிறது. மோர் குடித்துவிட்டு மூணு மாசம் பொறுக்க அவருக்கு நேரம் இல்லை. ஊரில் கர்ப்பத்தை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லி, ஸ்கேனுக்கு எழுதி வாங்க வேண்டும். அங்கே அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கா, பழைய தையல்ல ஒட்டியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க டாக்டர்."